நான்காம் எண் தொழிலாளி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘பேசாமடந்தை’ ஆனாள். அதுவும் நீளம் என்று ‘மடந்தை’ ஆக்கிவிட்டார்கள். அந்தப் பேரை வைத்தது சொந்த நாத்தனார்தான்.

“எங்க அண்ணி வாயைத் திறக்கறதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு சோறு, இன்னொண்ணு கொட்டாவி. மூணாவதா ஒண்ணு நடந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க, நான் லீவு போட்டுட்டு வந்து பாக்கறேன்” என்று முதல் நாளே தையல் லைன் முழுக்க அறிமுகப்படுத்தி வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மடந்தையும் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு வகையில் நிம்மதிதான். பேசாதவள் என்று பேர் எடுத்துவிட்டால் அப்புறம் யாரும் பேசச் சொல்லிப் பிடுங்க மாட்டார்கள்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மா படுக்கையில் விழுந்தாள், தம்பிகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். படிப்பு நின்றாலும் கண் நிற்கவில்லை. எதையும் உற்றுப் பார்க்கிற கண் அவளுக்கு. அதனால்தான் தையல் தெரியாமல் வந்தவளைச் செக்கிங் மேஜையில் உட்கார வைத்தார்கள். ஒரு சட்டையில் பதினோரு இடம் பார்க்க வேண்டும். காலர் முனை, தோள் இணைப்பு, அக்குள், கைமடிப்பு என்று வரிசை உண்டு. பிசகு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். மடந்தையின் மேஜையைத் தாண்டி ஒரு தப்புப் பீஸ் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வான். “உன் கண்ணை மியூசியத்துல வைக்கணும்” என்பான். “கண்ணை மட்டும் எடுத்துக்கோ, எங்க அண்ணியை விட்டுடு, வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆள் வேணும்” என்று மூன்றாவது மெஷினிலிருந்து நாத்தனாரின் குரல் வரும்.

நாத்தனாருக்கு ஒரே பெண் குழந்தை. புருஷன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அதன் பிறகு அவள் குழந்தையோடு அண்ணன் வீட்டு முன்னறையில் வந்து தங்கினாள். மடந்தைக்குப் பிள்ளை இல்லை. அவள் கணவன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். காலையில் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவான். நடுவில் அந்த வீடு இரண்டு பெண்களுக்கும் ஒரு குழந்தைக்கும் சொந்தம்.

தொழிற்சாலை மூன்று தளம். தரைத்தளத்தில் ஸ்டோரும் கட்டிங்கும். முதல் மாடியில் அயர்னிங், பேக்கிங். இரண்டாவது மாடியில் தையல் லைன்கள், கடைசியில் செக்கிங் மேஜை. இறங்குவதற்கு முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒரு படிக்கட்டு. பின்படிக்குப் போக அந்த மாடியில் ஓர் இரும்புக் கதவு. ஒரு சமயம் ஆறு சட்டை கொண்ட கட்டு ஒன்று காணாமல் போயிற்று. அதோடு ஓவர்டைம் நாட்களில் இரண்டு மூன்று பேர் பின்படியில் நழுவி வீட்டுக்குப் போவதும் தெரியவந்தது. அன்றைக்கே மேனேஜர் அந்தக் கதவுக்குப் படிப்பக்கமிருந்து பூட்டுப் போட்டுவிட்டார். சாவி ஸ்டோர்கீப்பரின் இடுப்பில். கொஞ்ச நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது. கழிவுத்துணி மூட்டைகளை அதன்மேல் சாய்த்து அடுக்கினார்கள். அது கதவு என்பதே மறந்துபோய், சுவரின் ஒரு பகுதி போல ஆனது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அந்தச் சுவர் மறுபடி கதவாகும்.

சட்டைகளை வாங்குகிற கம்பெனி கடல் தாண்டிய ஒரு நாட்டில் இருந்தது. தன் சட்டையைத் தைக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, உரிமைகள் இருக்கின்றனவா என்று பார்த்து எழுத அது ஆள் அனுப்பும். ஆடிட் என்பார்கள். ஆள் வர எட்டு நாள் முன்பே பெயின்ட் வாசனை கிளம்பிவிடும். மணல் வாளிகளுக்குச் சிவப்புப் பூசுவார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வரும். கழிப்பறையில் புதுச் சோப்பு முளைக்கும். மூட்டைகள் நகரும். பூட்டு கழலும்.

“இந்தச் சோப்பை நல்லா மோந்துக்கோ அண்ணி. அடுத்த வாசனை ஆறு மாசம் கழிச்சுத்தான்” என்பாள் நாத்தனார்.

அதே எட்டு நாளில் ஹெச்.ஆர். மேடம் எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுப்பாள். இருபத்திரண்டு கேள்வி, இருபத்திரண்டு பதில். “வீட்டுக்குக் கொண்டுபோய் மனப்பாடம் பண்ணுங்க. நாளைக்குக் காலையில தாள் என் மேஜைக்குத் திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் அந்த லைனே பதில் சொல்லணும்.”

மடந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனால் நேரமாகும். நாத்தனார் படிப்பாள், ஆனால் இரண்டு வரிக்கு ஒருமுறை சிரித்துவிடுவாள். ஆகவே அந்த வீட்டில் ஆடிட்டர் வேலை குழந்தைக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது வயது. மாமாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைத் தூக்கிப் பிடித்து, கால்மேல் கால் போட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளும்.

“ஓவர்டைம் கட்டாயமா?”

“விருப்பம் உள்ளவர்கள் மட்டும் செய்கிறோம்” என்பாள் மடந்தை.

“விருப்பம் இருந்தா வீட்டுக்குப் போலாமான்னு கேளுடி” என்பாள் நாத்தனார்.

“அம்மா, தப்பு. ஒரு மார்க் போச்சு. அவசர வழிக் கதவு எப்படி இருக்கும்?”

“எப்போதும் திறந்திருக்கும். பூட்டியதே இல்லை.”

“சரி. அத்தைக்கு இருபது. அம்மாவுக்கு ஒன்பது. அம்மா ஃபெயில்.”

“ஃபெயிலானா ஆடிட்டர் என்னைக் கூப்பிட மாட்டாங்கல்ல? அப்போ நான்தான்டி பாஸ்” என்று நாத்தனார் குழந்தையைத் தூக்கிச் சுற்றுவாள். கண்ணாடி எங்காவது போய் விழும்.

ஒரு முறை வந்த ஆடிட்டர் ஒரு பெண். வெட்டிய முடி, தோளில் துணிப்பை. மொழிபெயர்க்கிறவர் மட்டும் மேனேஜரின் காரில் வந்து இறங்கினார். மேனேஜர் ஐந்து பேரின் பெயரை எழுதி நீட்டினார். அந்தப் பெண் அதை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, லைன்களுக்கு நடுவே நடந்து தானே விரல் நீட்டி ஆள் எடுத்தாள். ஹெச்.ஆர். மேடத்தின் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. விரல் மடந்தையின் பக்கம் திரும்பியபோதுதான் மேடத்துக்கு மூச்சு வந்தது. இவள்தானே, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டாள்.

அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஓர் அறை. “உங்க பேரை எழுத மாட்டோம். உங்க பாதுகாப்புக்காக. நீங்க நாலாம் எண் தொழிலாளி” என்றார் மொழிபெயர்க்கிறவர். கேள்விகள் வந்தன. மடந்தை சொன்னாள். குழந்தை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பது போல நினைத்துக்கொண்டு சொன்னாள், தடங்கல் இல்லாமல் வந்தது. ஆடிட்டர் கதவைப் பற்றியும் கேட்டாள். எப்போதும் திறந்திருக்கும், பூட்டியதே இல்லை.

அப்போது அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். மடந்தையின் முகத்தையே பார்த்தாள். “இதையெல்லாம் யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா?”

இருபத்திரண்டில் அந்தக் கேள்வி இல்லை. மடந்தையின் கண் வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்தது. அந்தப் பெண்ணின் வலது செருப்பு ஓரத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. நல்லவளாகத்தான் தெரிந்தாள். ஒரு மூச்சு நேரம் உண்மை மடந்தையின் வாய் வரைக்கும் வந்தது. கூடவே பக்கத்துத் தெருத் தொழிற்சாலையும் நினைவில் வந்தது. அங்கே ஒரு பெண், கழிப்பறையைப் பூட்டி வைக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். ஆர்டர் நின்றது. முந்நூறு பேர் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை, கடைசியில் வீட்டையே காலி பண்ணிக்கொண்டு போனாள். கழிப்பறைப் பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

“இல்லைங்க. நாங்க கண்ணால பாக்கறதைத்தான் சொல்றோம்” என்றாள் மடந்தை.

ஆடிட்டர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது நாத்தனார் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். “கதவைப் பத்திக் கேட்டாங்களா? என்ன சொன்னே?”

“திறந்திருக்கும்னு.”

“தப்பிச்சோம் போ” என்று நெஞ்சில் கை வைத்தாள் நாத்தனார். அன்றைக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் பூட்டு இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பிற்பகல். ஏதோ ஒரு சரக்கில் காலர் அளவு பிசகி அட்டைப்பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்க மடந்தையைத் தரைத்தளத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று மணி பத்து நிமிடம் இருக்கும், விளக்கு அணைந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. முதல் மாடியில் அயர்னிங் பக்கம் வயர் பற்றி, பேக்கிங் பாலிதீனில் தாவி, முன்படி முழுக்கப் புகை. மேலேயிருந்து யாரும் அந்த வழியாக இறங்கவில்லை.

மடந்தை பின்பக்கம் ஓடினாள். பின்படியில் புகை அவ்வளவாக இல்லை. அதுதான் பிறகு அவளை உயிரோடு தின்றது. அந்தப் படி நன்றாகத்தான் இருந்தது, ஒரு குழந்தைகூட இறங்கியிருக்கலாம். இரண்டாவது மாடியில் கதவுக்கு வெளியே அவள் நின்றாள். உள்ளங்கை அகலப் பூட்டு. உள்ளேயிருந்து அறைந்தார்கள். படியில் கிடந்த செங்கல்லை எடுத்து அவளும் இந்தப் பக்கத்திலிருந்து அடித்தாள். செங்கல் உடைந்தது. பாதிச் செங்கல்லால் அடித்தாள். ஸ்டோர்கீப்பர் சரக்கு ஏற்றிய லாரியோடு போயிருந்தான், சாவி அவன் இடுப்போடு போயிருந்தது. உள்ளே கேட்ட குரல்களில் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அறைந்தார்கள். அப்புறம் குறைந்தது. அப்புறம் கதவு சூடாகி, கை வைக்க முடியாமல் போனது. யாரோ அவளை இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார்கள்.

முப்பத்தொரு பேர். எல்லோரும் அந்தக் கதவுக்கு உள்பக்கம் மூன்று முழத்துக்குள் கிடந்தார்கள். நாத்தனாரை அவள் போட்டிருந்த கண்ணாடி வளையலின் உருகிய துண்டை வைத்து மடந்தைதான் அடையாளம் சொன்னாள். அதற்கும் அவள் கண்தான் வேண்டியிருந்தது.

தொழிற்சாலை முதலாளி கைதானார், ஜாமீனில் வந்தார், கம்பெனி திவால் என்று கைவிரித்தார். வழக்கு நடக்கிறது என்றார்கள். எங்கே நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் தொழிலாளர் சங்கத்து அக்கா வீடு வீடாக வந்தாள். வக்கீலுக்குப் படித்தவள், ஸ்கூட்டரில் வருவாள், யார் வீட்டிலும் தரையில்தான் உட்காருவாள். சட்டை வாங்கிய கம்பெனி இருக்கிற நாட்டிலேயே, அந்த நாட்டுக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், அங்கே உள்ள வக்கீல்கள் உதவுகிறார்கள் என்றாள். செத்துப்போனவர்களின் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. முதல் கையெழுத்து மடந்தையின் கணவனுடையது. தங்கைக்காக.

“எனக்குக் காசு வேணாம்க்கா. கதவைப் பூட்டினது தப்புன்னு பெரிய இடத்துல ஒருத்தன் வாயால சொல்லணும். அவ்வளவுதான்” என்றான் அவன்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வந்தாள். முகம் சரியில்லை. கையில் காகிதக் கட்டு. மடந்தை டீ போட்டு எடுத்து வந்தாள். குழந்தை மூலையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

“அந்தக் கம்பெனி பதில் கொடுத்திருக்கு. பூட்டு இருந்ததை அவங்க இல்லேன்னு சொல்லலை. எங்களுக்குத் தெரியாதுங்கறாங்க. தெரிஞ்சுக்க ஆள் அனுப்பினோம், ஆள் தொழிலாளிங்களையே கேட்டாங்க, திறந்திருக்குன்னு அவங்களே சொன்னாங்க, இதுக்கு மேல நாங்க என்ன செய்யணும்னு கேக்கறாங்க. இதை ஜட்ஜ் ஏத்துக்கிட்டா வழக்கு வாசல்லயே முடிஞ்சுடும்.”

“யாரு சொன்னது?” என்றான் கணவன்.

“பேர் கிடையாது. நம்பர்தான். நாலாம் எண்ணுன்னு ஒரு ஆள் சொன்னதைத்தான் பெருசா எடுத்துப் போட்டிருக்காங்க.” அக்கா தாளைப் பார்த்து வாசித்தாள். “நான்காம் எண் தொழிலாளி. பெண். அவசர வழிக் கதவு எப்படி இருக்கும் என்று கேட்டபோது அவர் அளித்த பதில்…”

“எப்போதும் திறந்திருக்கும். பூட்டியதே இல்லை” என்றது மூலையிலிருந்து குழந்தை, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

அக்கா வாசிப்பதை நிறுத்தினாள். “உனக்கு எப்படிடா கண்ணு தெரியும்?”

“அம்மாவும் அத்தையும் படிப்பாங்க. நான்தான் கேள்வி கேப்பேன். மொத்தம் இருபத்திரண்டு. சொல்லவா?” குழந்தை எழுந்து உட்கார்ந்து கடகடவென்று ஒப்பித்தது. அக்கா ஒவ்வொன்றாகத் தாளில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பிற்று. “அப்படியே இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை. சொல்லிக் கொடுத்த பாடம்தான் இது. நாலாம் எண்ணு யாருன்னு கண்டுபிடிச்சு, அவங்க வந்து இதைச் சொல்லிட்டா போதும்.” பிறகு கடைசி வரியில் விரல் நின்றது. “‘நாங்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறோம்.’ இது எத்தனாவது?”

குழந்தை நெற்றியைச் சுருக்கிற்று. “இது பேப்பர்ல இல்லையே. இது யாரோ சொந்தமா சொன்னது.”

கணவன் டீ டம்ளரை ணங்கென்று தரையில் வைத்தான். “தாள்ல எழுதிக் கொடுத்ததை எல்லாரும்தான் சொன்னாங்க, என் தங்கச்சியும் சொல்லியிருப்பா. இவ ஒருத்தி தன் கையால மண்ணை அள்ளிப் போட்டிருக்காளே, யாருக்கா அவ? என் கண்ணுல மட்டும் படட்டும், நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடறேன்.”

மடந்தை டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கிற இடத்தில் உட்கார்ந்தாள். ஒரே டம்ளரையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பேட்டி கொடுத்த ஐந்து பேரில் மூன்று பேர் கதவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தி வேறு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் முகவரி தெரியவில்லை. மிச்சம் அவள் ஒருத்திதான். பேரை எழுதாமல் விட்டது பாதுகாப்புக்கு என்றார்கள். யாருடைய பாதுகாப்புக்கு என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டால் போதும், நாலாம் எண் யாரென்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. வழக்கு மட்டும் போய்விடும்.

மறுநாள் அக்காவின் அலுவலகத்துக்குப் போனாள். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒற்றை அறை.

“அக்கா, நாலு நான்தான்.”

அக்கா எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். “கோர்ட்டுல சொல்லுவீங்களா? வீடியோவுலதான். மூணு வாரத்துல. ஆனா உங்க வீட்டுக்காரர் மனு போட்டவர். அதே ரூம்ல உட்கார்ந்திருப்பார்.”

“சொல்றேன்.”

“முதல்ல வீட்டுல சொல்லிடுங்க. அங்க வெச்சுத் தெரிய வேணாம்.” பிறகு அக்கா மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். “அவங்க வக்கீல் எப்படியெல்லாம் மடக்குவார்னு எழுதி வெச்சிருக்கேன். கேள்வி, எப்படிச் சொன்னா நல்லதுன்னு பதில். வீட்டுல வெச்சுப் பாத்துட்டு…”

மடந்தை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். “பேப்பர் வேணாம்க்கா. இன்னொரு பேப்பர் என்னால முடியாது.”

அக்கா தாளைப் பார்த்தாள். தானாகவே அதைத் திரும்ப உள்ளே வைத்து டிராயரை மூடினாள்.

வீட்டில் சொல்ல மூன்று முறை முயன்றாள். ஒருமுறை அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது வேண்டாம் என்று விட்டாள். ஒருமுறை குழந்தைக்குக் காய்ச்சல். மூன்றாவது முறை, “என்னங்க” என்று ஆரம்பித்தும் விட்டாள். “என்ன, நீயா ‘என்னங்க’ன்னு கூப்பிடவே மாட்டே, இன்னைக்கு மழைதான்” என்று அவன் சிரித்தான். தங்கை போன பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். “ஒண்ணுமில்லை, டார்ச்சுக்குப் பேட்டரி வாங்கிட்டு வாங்க” என்றாள்.

விசாரணை நாளன்று சங்கத்துக் கூடத்தில் சுவரில் திரை கட்டியிருந்தார்கள். இங்கே பிற்பகல், அங்கே காலை. முப்பத்தொரு குடும்பத்திலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். திரையில் வயதான ஜட்ஜ், மூக்கு நுனியில் கண்ணாடி. கம்பெனி வக்கீல் நல்ல மரியாதையான மனிதர். மொழிபெயர்க்கிற குரல் ஒரு பெண்ணுடையது. நாலாம் எண் தொழிலாளி முன்னால் வரவேண்டும் என்றது அந்தக் குரல்.

மடந்தை எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன், அவள் தண்ணீர் குடிக்க எழுகிறாள் என்று நினைத்துக் காலை ஒதுக்கி வழி விட்டான். அவள் நேராகத் திரைக்கு முன்னிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தபோதும் அவனுக்குப் புரியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் பின்னால் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு திறந்திருக்கும் என்று சொன்னது நீங்களா? நான்தான். உண்மையா? இல்லை, பொய். மனப்பாடம் செய்யச் சொன்னார்களா? ஆமாம். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது நடுவில் திக்கிற்று, தேதி மாறிற்று, இரண்டு இடத்தில் மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

“அன்றைக்குப் பொய் சொன்னேன் என்கிறீர்கள். இன்றைக்குச் சொல்வது பொய்யில்லை என்று எப்படி நம்புவது?” என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

“அது எனக்குத் தெரியாதுங்க.”

“‘நாங்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறோம்.’ இது தாளில் இல்லை என்று உங்கள் தரப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?”

“யாரும் இல்லை. அது என்னோடது.”

கூடத்தில் யாரோ ஒரு பெண் “அடிப் பாவி” என்றாள்.

“ஏன் சொன்னீர்கள்?”

வாழ்க்கையில் அவள் அவ்வளவு நீளமாக அதுவரை பேசியதில்லை. “அந்தம்மா நல்லவங்கதான். ஆனா அவங்க சாயங்காலம் ஏரோப்பிளேன் ஏறிடுவாங்க. நான் காலையில அதே மேஜைக்கு வரணும். பக்கத்துத் தெருவுல ஒருத்தி நிஜத்தைச் சொன்னா. பூட்டு போகலை, ஆர்டர்தான் போச்சு. நிஜத்தைச் சொன்னா கதவு திறக்கும்னு தெரிஞ்சிருந்தா நான் சொல்லியிருப்பேன்.”

“ஆக, எங்கள் கட்சிக்காரரை நீங்கள் ஏமாற்றினீர்கள்.”

“ஆமாங்க. ஏமாத்தினேன்.”

அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். இவர்கள் பக்கத்து வக்கீல் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, மடந்தை திரையின் ஓரத்தில் அவர்கள் போட்டிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் அன்றைக்கு எடுத்த படம். புதுப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு, விரியத் திறந்து.

“அந்த வளையம்” என்றாள்.

“எந்த வளையம்?”

“பூட்டு மாட்டற வளையம். கதவு பூரா பெயின்ட் இருக்கு. வளையத்துக்குள்ள மட்டும் ஒட்டலை பாருங்க. மெஷின் அதிர்வுல பூட்டு மாசக்கணக்கா உரசிக்கிட்டே தொங்கினா இரும்பு அப்படித் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடும், பெயின்ட் நிக்காது. பூட்டியதே இல்லைன்னா அது தேய்ஞ்சிருக்காது. அந்தம்மாவே போட்டோ எடுத்திருக்காங்க. சட்டையில ஒரு தையல் விட்டுப்போனா நாங்க அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிடுவோம். இதை யாரும் பாக்கலை. என்னைத்தான் கேட்டாங்க.”

ஜட்ஜ் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அக்கா வந்து சொன்னாள், வழக்கைத் தள்ளவில்லை, நடத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள். முழு விசாரணைக்கு இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகும். இதைச் சொன்ன அக்காவுக்கே சந்தோஷப்பட நேரமில்லை. அதற்குள் அந்தக் கம்பெனி இந்த ஊரில் எங்குமே இனி சட்டை தைக்கக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்து, வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நான்கு தொழிற்சாலைகளில் லைன்கள் மூடின. பஸ் நிறுத்தத்தில் மடந்தை போய் நின்றால் பெண்கள் தள்ளி நின்றார்கள். “பேசாதவ பேசினா, நம்ம வாயில மண்ணு” என்று காதில் விழும்படியே சொன்னார்கள். எந்த மேஜையிலும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. சட்டைகளை மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்து நூல் வெட்டிக் கொடுத்தாள்.

கணவன் விசாரணை நாளிலிருந்து அவளிடம் பேசவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, நாக்கை அறுக்கவும் இல்லை. வேண்டியதைக் குழந்தையிடம் சொல்வான். “அத்தைகிட்ட சட்டையைத் துவைக்கச் சொல்லு.” குழந்தை பக்கத்திலேயே நிற்கும் அத்தையிடம் திரும்பி, “அத்தை, சட்டையைத் துவைக்கணுமாம்” என்னும். வழக்குத் தள்ளுபடி ஆகவில்லை என்று அக்கா சொல்லிவிட்டுப் போன அன்றும் அப்படித்தான் சாப்பிட உட்கார்ந்தான். மடந்தை சோறு வைத்தாள். குழந்தை பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. நடுவில் ஆளில்லை.

பாதிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “அவளுக்குத் தெரியுமா?”

தங்கையைக் கேட்கிறான் என்று மடந்தைக்குப் புரிந்தது. “தெரியும்.”

“நீ அப்படிச் சொன்னேன்னு?”

“வெளிய வந்ததும் கேட்டா. திறந்திருக்கும்னு சொன்னதைச் சொன்னேன். இன்னொண்ணை, நானா சொன்னதை, அவகிட்ட சொல்லலை.”

“அதுக்கு அவ என்ன சொன்னா?”

எத்தனையோ சொல்லலாம். திட்டினா என்று சொல்லலாம். ஏன் அண்ணி இப்படிப் பண்ணினே என்று அழுதாள் என்று சொல்லலாம், அவனுக்கு அது ஒரு பிடிப்பாக இருக்கும். யாரும் வந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. மடந்தை தரையைப் பார்த்தாள்.

“‘தப்பிச்சோம் போ’ன்னு சொன்னா.”

அவன் கையில் பிசைந்த சோறு இருந்தது, அதை வாய்க்கும் கொண்டுபோகவில்லை, தட்டிலும் போடவில்லை. விரல்களில் சோறு காய்ந்துகொண்டு வந்தது. அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த மூட்டையை இழுத்து, அடுத்த சட்டையை எடுத்துக் காலர் முனையிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.